வெள்ளவத்தையில் சின்னதாக ஓர் இங்கிலிஷ் மீடியம் ஸ்கூல்: தொடங்கலாமா, வேண்டாமா?

மாடிவீட்டு மிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கொழும்பில் ஒரு பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூலில் 14 வருடம் பிரைமரி வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். போன டிசம்பரோடு விட்டுவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. ஒரு வகுப்பில் 34 பிள்ளைகள், அதில் நாலைந்து பேர் இங்கிலிஷில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைத் தனியாக இருத்திச் சொல்லிக்கொடுக்க நாளைக்குப் பத்து நிமிடமும் கிடைக்காது. ஒரு மாலைதீவுப் பிள்ளை ஒரு தவணை முழுக்க வாயே திறக்கவில்லை. தவணை முடிவில் ரிப்போர்ட் கார்டில் ‘அமைதியான பிள்ளை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது விஷயம். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் அம்மாவின் வீடு இருக்கிறது. கீழே மூன்று அறை, மேலே நான்கு, பின்னால் ஒரு மாமரமும் கொஞ்சம் முற்றமும். வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள். அதில் 5 வயது முதல் 11 வயது வரை 40 பிள்ளைகளோடு, வகுப்புக்குப் பத்துப் பேராக, ஒரு சின்ன ஸ்கூல் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பாதிப் பேர் வெளியில் இருந்து வந்தவர்கள்: தெஹிவளைப் பக்கம் இருக்கிற மாலைதீவுக் குடும்பங்கள், வேலைக்கு வந்திருக்கிற இந்தியர்கள், சீனர்கள், கொரியர்கள், அப்புறம் லண்டன், கனடாவில் இருந்து திரும்பி வந்த நம் ஆட்களின் பிள்ளைகள். மீதிப் பாதி இங்கேயே பிறந்த பிள்ளைகள்.

எந்தக் கந்தோருக்குப் போய் அனுமதி கேட்பது? ஒரு வெள்ளைக்கார டீச்சராவது இல்லாவிட்டால் பெற்றோர் வரமாட்டார்கள் என்கிறார்கள், உண்மையா? கையில் 38 இலட்சம் இருக்கிறது, போதுமா? கணவருடைய பென்ஷன் காசில் கொஞ்சம் எடுக்கலாம், ஆனால் அது அவருக்கு இன்னும் தெரியாது.

கம்பனிக் கந்தோர்:

அக்கா, அனுமதி கேட்டுக் கல்வி அமைச்சுக்குப் போனால் உங்கள் ஃபைலை எந்த மேசையில் வைப்பது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிடும். 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தில் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதை மறித்துவிட்டார்கள். நீங்கள் நினைக்கிற வயது அப்படியே அதற்குள் வருகிறது. பிறகு எப்படி மூலைக்கு மூலை இன்டர்நேஷனல் ஸ்கூல் என்றால், அவை சட்டத்தின் கண்ணில் பாடசாலை இல்லை, கம்பனி. 77இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு வந்த வழி இது. இப்போது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிகிறார்கள். பதிவு வேலை ஒன்லைனிலேயே நடக்கும், பெயர் கிடைத்துவிட்டால் மற்றது சுலபம்.

உண்மையான அலைச்சல் கட்டடத்தில்தான். அம்மாவின் வீடு மாநகர சபைக் கணக்கில் குடியிருப்பு. அதை வேறு பாவனைக்கு மாற்ற அனுமதி வேண்டும், தீயணைப்புப் பிரிவு வந்து பார்க்கும். மேல்மாடியில் பிள்ளைகளை வைப்பதென்றால் இறங்க இரண்டாவது வழி எங்கே என்று கேட்பார்கள். பழைய வெள்ளவத்தை வீடுகளில் மாடிப்படி ஒன்றுதான் இருக்கும், அதுவும் ஆள் பக்கவாட்டில் திரும்பி ஏறுகிற அகலம். வெளியால் ஓர் இரும்புப் படி போடவேண்டி வந்தால் அந்தச் செலவை இப்போதே எழுதிவையுங்கள். கடற்காற்றில் அது எத்தனை வருடம் நிற்கும் என்பதையும் சேர்த்துத்தான். கரண்ட் மீட்டரும் வீட்டு வகையில் இருந்து மாறும், பில் இப்போதைய மாதிரி இருக்காது.

வெள்ளைக்கார டீச்சர் விஷயம். யாரோ ஒருவரின் மனைவி கொழும்பில் சும்மா இருக்கிறார், அவரைப் பிடித்துப்போடலாம் என்று நினைக்கவேண்டாம். கணவரின் வேலையை வைத்து விசா எடுத்து வந்தவர் அந்த விசாவிலேயே உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பத்தரமுல்லை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் உங்கள் கம்பனி பெயரில் வதிவிட விசா எடுக்கவேண்டும். உள்ளூர் டீச்சருக்குச் சம்பளம் 80,000 என்றால் உங்களுக்குச் செலவு 80,000 இல்லை. சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், ஆக 92,000. அதையே பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்குங்கள். ஓகஸ்ட் லீவில் கட்டணம் வராது, சம்பளம் போகும்.

தெஹிவளை மூடினவன்:

நான் செய்து பார்த்தவன், அதனால் எழுதுகிறேன். 2018 ஜனவரியில் தெஹிவளைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் தொடங்கினேன். ஒரு வருடத்தில் 26 பிள்ளைகள், அதில் 11 பேர் வெளிநாட்டுப் பிள்ளைகள். பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. வெளிநாட்டுக் குடும்பங்களில் சிலருக்குக் கட்டணத்தை அவர்களுடைய கம்பனியே கட்டும், வருடத்துக்கு ஒரே தடவையில் வந்துவிடும், நம் ஆட்களிடம் மாதிரி மாதம் பிறந்தால் மெசேஜ் அனுப்பத் தேவையில்லை. அந்தச் சுகத்தில் நான் வாடகைக் கணக்கையே அவர்களை நம்பிப் போட்டேன்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்து இரண்டு மாதத்துக்குள் அந்த 11 பேரில் 7 பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் போயிருப்பேன். தட்டுத்தடுமாறி எழும்பி நிற்கும்போது 2020 மார்ச்சில் கொரோனா. ஆறு வயதுப் பிள்ளைக்கு சூமில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படியிருக்கும் என்று டீச்சருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறகு 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பாடத்திட்டத்துக்கான கட்டணம் பவுணில், புத்தகம் பவுணில், என் வருமானம் ரூபாவில். வான்காரர் பெட்ரோல் வரிசையில் நிற்கிறார், பிள்ளைகள் வீட்டில் நிற்கிறார்கள், டீச்சர்மார் ஒவ்வொருவராக டுபாய்க்கும் மாலைதீவுக்கும் போகிறார்கள்.

இதெல்லாம் நாட்டுக்கு வந்தது, எனக்கு மட்டும் இல்லை. என் சொந்தப் பிழை வேறு. சேரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் திருப்பித் தருவதாகச் சொல்லி 75,000 ரூபா வைப்பு வாங்கியிருந்தேன். அந்தக் காசை எடுத்துத்தான் 2020இல் வாடகை கட்டினேன், சம்பளமும் கொடுத்தேன். அது என் காசில்லை என்று தெரிந்தேதான் எடுத்தேன். மூடும்போது 19 குடும்பம் கேட்டு வந்தது. வானை விற்று, மிச்சத்தைத் தவணை போட்டு இரண்டு வருடம் கட்டி முடித்தேன். ஒரு தகப்பன் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலை எட்டு மணிக்கு ஃபோன் பண்ணுவார். திட்டமாட்டார். “சேர், இன்றைக்கு ஒன்றாம் திகதி” என்று மட்டும் சொல்வார்.

அதனால் டீச்சர், வைப்பு வாங்கினால் தனிக் கணக்கில் போட்டு அந்த பாங்க் கார்டை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வாடகை, சம்பளம், கரண்ட் மூன்றையும் உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணமே தாங்கும்படி கணக்குப் போடுங்கள், வெளிநாட்டுப் பிள்ளை வந்தால் அது மேல்வரவு. சொந்த வீடு இருப்பது பெரிய பலம், அது எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் முதல் நாளே 40 பேருக்கு ஸ்கூல் என்று போர்டு போடவேண்டாம். பின்நேர வகுப்பாகத் தொடங்கி இரண்டு வருடம் ஓட்டிப் பாருங்கள்.

மாடிவீட்டு மிஸ்:

இரண்டு பேருக்கும் நன்றி. அந்த ஒன்றாம் திகதித் தகப்பனை நினைத்து இரவு தூக்கமே வரவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். பின்நேர வகுப்பு என்றால் அது ரியூஷன். வெள்ளவத்தையில் ரியூட்டரிக்கா பஞ்சம்? லைட் கம்பத்துக்கு ஒரு நோட்டீஸ் தொங்குகிறது. நான் இன்னொரு நோட்டீஸ் ஒட்டுவதற்காக வேலையை விடவில்லை.

பம்பலப்பிட்டி பக்கம்:

நோட்டீஸ் ஒட்டாமல் நடத்துங்கள் டீச்சர், யார் மறித்தது? 😄 பேர் ரியூஷன் என்பதற்காக உள்ளே நடப்பதும் ரியூஷனாக இருக்கவேண்டும் என்று இல்லையே. அந்தப் பக்கம் ‘இன்டர்நேஷனல்’ என்று போர்டு போட்டு உள்ளே பாஸ்ட் பேப்பர் மட்டும் செய்விக்கிற இடங்களும் இருக்கின்றன, நானே ஒன்றில் பிள்ளையை விட்டு எடுத்தவன்.

ரொறொன்ரோவில் இருந்து வந்த அம்மா:

வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்து ஒருவரும் எழுதவில்லை, அதனால் நான். மாமியைப் பார்க்க ஆளில்லை என்று போன வருடம் குடும்பத்தோடு வந்தோம், எவ்வளவு காலம் என்று எங்களுக்கே தெரியாது. மகனுக்கு 9 வயது. இங்கிலிஷ் தண்ணீர் மாதிரி ஓடும், தமிழ் கேட்டால் விளங்கும், பதில் இங்கிலிஷில்தான் வரும். சேர்த்த இடத்தில் அவனுடைய வயதைப் பார்த்து வகுப்பில் போட்டார்கள். இங்கிலிஷ் பாடத்தில் கொட்டாவி விடுகிறான், கணக்கில் பின்னால் நிற்கிறான். பக்கத்துப் பிள்ளை “மிஸ், ஹீ இஸ் டெல்லிங் லைஸ்” என்று நம் ராகத்தில் சொன்னதற்கு இவன் சிரித்திருக்கிறான், அந்தப் பிள்ளை அழுதிருக்கிறது. பள்ளியில் இருந்து எனக்கு ஃபோன். வெட்கமாகிவிட்டது. வெளியில் இருந்து வந்த பிள்ளையையும் இங்கேயே வளர்ந்த பிள்ளையையும் ஒரே அறையில் வைப்பதாக இருந்தால் இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று யோசியுங்கள், எந்தக் கந்தோரும் இதைக் கேட்காது.

வெள்ளைக்கார டீச்சர் எனக்குத் தேவையில்லை. எனக்கு வேண்டியது அவனுக்கு யாராவது ஒழுங்காகத் தமிழ் எழுதப் படிப்பிப்பது. எடெக்செல் என்கிற லண்டன் பரீட்சையில் தமிழை ஒரு பாடமாகவே எடுக்கலாம் என்று இங்கே வந்த பிறகுதான் தெரியும். ஆனால் அதற்கு ஆள் வைத்திருக்கிற இடத்தைத் தேடித்தான் களைத்துவிட்டேன். போன இடத்தில் எல்லாம் பிரெஞ்சு இருக்கிறது.

என் மச்சாளின் கவலை வேறு. அவர்கள் இங்கேயே இருக்கப்போகிறவர்கள். “இங்கே சேர்த்தால் கம்பஸ் கிடைக்குமா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும். அரச பல்கலைக்கழகத்துக்கு உள்ளூர் ஏஎல்லும் (உயர்தரப் பரீட்சை) அதில் கணிக்கிற இசற் (Z) புள்ளியும்தான் வழி, லண்டன் ஏஎல் எடுத்தால் பெரும்பாலும் காசு கட்டிப் படிக்கவேண்டும் அல்லது வெளியே போகவேண்டும். உங்களிடம் வரப்போவது ஆறு வயதுப் பிள்ளைதான், ஆனாலும் தாய்மார் இதைக் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்கிறவரைத்தான் நம்புவார்கள்.

சாக்பீஸ் கை:

நான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக்கொடுப்பதையே வேலையாக வைத்திருப்பவள், 11 வருடமாக. சட்டமும் காசும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள், வகுப்பறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டீச்சர், உங்கள் ‘அமைதியான பிள்ளை’க்காக இவ்வளவு வருந்தவேண்டாம். புது மொழிக்குள் வந்து விழுந்த சின்னப் பிள்ளைகள் பலர் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். உள்ளே எல்லாம் போய்க்கொண்டிருக்கும். என்னிடம் ஒரு கொரியப் பையன் ஏழு கிழமை ஊமை மாதிரி இருந்தான். எட்டாவது கிழமை பக்கத்தில் இருந்தவன் இவனுடைய ரப்பரை எடுத்தபோது, “தட் இஸ் மை ரப்பர். யூ ஆஸ்க் ஃபர்ஸ்ட்” என்றான். முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. ‘ஃபர்ஸ்ட்’டை அவன் ‘பர்ஸ்ட்’ என்றுதான் சொன்னான், கொரிய மொழியில் அந்த ஒலி கிடையாது. நான் திருத்தவில்லை. ரப்பர் திரும்பக் கிடைப்பதுதான் அன்றைக்கு முக்கியம்.

மாலைதீவுப் பிள்ளை என்றால் இன்னொன்றும் பாருங்கள். திவெஹி எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். ஊரில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்த பிள்ளை கொப்பியைப் பின்பக்கத்தில் இருந்து திறக்கும், நாங்கள் கவனயீனம் என்று சிவப்புப் பேனாவால் எழுதிவிடுவோம். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு சங்கடம். கிரிக்கெட் மட்டையையும் முதுகில் தட்டிக்கொடுப்பதையும் நம் எழுத்தில் எழுதினால் இரண்டுமே ‘பேட்’தான், வித்தியாசத்தை இந்தப் பதிவிலேயே எழுதிக் காட்ட முடியாமல் இருக்கிறேன் பாருங்கள். காதுக்கு அது கேட்க ஆரம்பிக்கும் வரைக்கும் ஸ்பெல்லிங் டெஸ்ட் வைத்துப் பிரயோசனம் இல்லை. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டு டிஷூ பேப்பரைப் பிடிக்கச் சொல்லுங்கள். தட்டிக்கொடுக்கிற சொல்லுக்குப் பேப்பர் பறக்கும், மட்டைக்கு அவ்வளவாக அசையாது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படிப்பார்கள்.

ஆகவே வயதைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். வாசிப்புக்கு ஒரு பிரிவு, பேச்சுக்கு ஒரு பிரிவு, கணக்குக்கு வேறு. 40 பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய ஐந்து டீச்சர் வேண்டும், 12 பேர் என்றால் நீங்களும் இன்னொருவரும் போதும். ரொறொன்ரோ அக்கா, உங்கள் மகனை என்னிடம் விட்டால் அவனைத்தான் சின்னவர்களுக்கு இங்கிலிஷ் கதை வாசிக்க விடுவேன், பிறகு அதே பிள்ளைகள் தமிழ் பாடத்தில் அவனுக்கு ‘ழ’ சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒருதரம் சிரிப்பு வாங்கினால் சரியாகிவிடும்.

கம்பனிக் கந்தோர்:

இடையில் ஒன்று. பின்நேர வகுப்பு என்பதால் கட்டட அனுமதி தேவையில்லை என்று நினைக்கவேண்டாம், தலை குறைவு என்றால் கேள்வியும் குறைவு, அவ்வளவுதான். இன்னொன்று, காலையில் வகுப்பு வைத்தால் அங்கே வருகிற உள்ளூர்ப் பிள்ளை வேறு எங்கே பதிந்திருக்கிறது என்று பாருங்கள். 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி, உங்கள் வகுப்பைப் பள்ளி என்று யாரும் எண்ணமாட்டார்கள். வேலைக்கு எடுக்கிற எல்லாரிடமும், டீச்சரில் இருந்து ஆயாவும் வான்காரரும் வரை, போலீஸ் ரிப்போர்ட் வாங்குங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 நம்பரைப் பிள்ளைகளுக்குத் தெரிகிற உயரத்தில் ஒட்டிவையுங்கள். சில இடங்களில் அதை ஒஃபீஸுக்குள் ஒட்டியிருக்கிறார்கள், யாருக்காக என்று தெரியவில்லை.

மாடிவீட்டு மிஸ்:

ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். கணவருக்குச் சொல்லிவிட்டேன். பென்ஷன் காசைத் தொடக்கூடாது என்றார், 38 இலட்சத்துக்குள் நடத்துவதென்றால் பின் முற்றத்துக்குக் கூரை தானே போட்டுத் தருகிறாராம். இது சம்மதம்தான், முப்பது வருடப் பழக்கத்தில் தெரியும்.

40 பேர் கனவைக் கட்டி அலுமாரி மேல் வைத்துவிட்டேன். மேல்மாடி இப்போதைக்குப் பூட்டு, படிப் பிரச்சினையும் அதோடு போச்சு. கீழே மூன்று அறையில் பின்நேரம் மூன்று மணியில் இருந்து ஐந்தரை வரை 12 பிள்ளைகள். அவர்களின் கட்டணத்தில்தான் சம்பளமும் கரண்டும். காலையில் புதிதாக நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் வரை, பெரிய ஸ்கூலில் சேருவதற்கு முன் ஒரு தவணையோ இரண்டோ பேச்சும் வாசிப்பும் மட்டும். கிழமைக்கு இரண்டு நாள் எல்லாருக்கும் தமிழ், கொரியப் பிள்ளை வந்தாலும் சரி. வைப்பு வாங்குவதில்லை. ரொறொன்ரோ அக்கா, பின்நேரக் கூட்டத்தில் முதல் பெயர் உங்கள் மகன்தான், இனிமேல் மாறக்கூடாது.

பக்கத்து வீட்டு அங்கிள் நேற்று வாசலுக்கு வந்து, “பிள்ளை, எத்தனை வான் வரும்?” என்று கேட்டார். இரண்டு என்றேன். ஒழுங்கை முனையில் நிறுத்திப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிவந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லையாம், அவருடைய கார் மூன்றரைக்குக் கோயிலுக்குப் போகவேண்டும்.

இப்போது ஒரு சின்ன உதவி. பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் கால் தரையில் முட்டவேண்டும், தொங்கக்கூடாது. மொறட்டுவையில் அப்படி அளவெடுத்து 17 கதிரை செய்து தருகிற ஆள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.